பின்னணி இசை இல்லாத வீடு

1980இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்தின் தொடக்கத்தில் எதுவுமே நடப்பதில்லை. மலைப்பாதையில் ஒரு மஞ்சள் கார் போகிறது, அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. காரணம், சிந்தசைசரின் கனத்த அடிக்குரல். இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய பழைய லத்தீன் தேவாலயப் பாடலின் மெட்டை வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் அதில் அமைத்திருக்கிறார்கள். மேலே கீறலாக அலைவது எல்கைண்டின் குரல். இருவரும் இப்படத்துக்காக உருவாக்கியதில் பெரும்பகுதியை குப்ரிக் பயன்படுத்தவில்லை. இந்தத் தொடக்கம் தங்கியது.

அந்த ஓசையை நாம் உடனே நம்புகிறோம். சாட்சி கேட்பதில்லை. கதைக்குள் இருக்கும் மனைவிக்கோ அது கேட்பதில்லை. குடித்திருந்த கணவன் மகனின் தோள்மூட்டு நழுவும்படி இழுத்ததை, ஏதோ தற்செயலாக நடந்ததென்று டாக்டரிடம் சொல்லிச் சமாளிக்கிறாள்.

என் எதிர்வீட்டுப் பெண்ணும் ஒருநாள் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தாள். வீங்கிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டே, "பாத்து நடம்மா" என்றேன். சொல்லுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கும்படி வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். எனக்குக் கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா?

தியேட்டரில் பயப்பட நமக்கு எந்தச் செலவும் இல்லை. ஒரு பெண்ணை நம்பினால் அவள் வீட்டுப் படியேற வேண்டும், அவள் கணவனின் முகத்துக்கு நேரே பேச வேண்டும். அதனால்தான் ஒரு கருவியை நம்பும் அளவுக்குக்கூட அவளை நம்ப மறுக்கிறோம். எதிர்வீட்டில் யாரும் சிந்தசைசர் வாசிக்கவில்லை. அவள் சிரித்தது மட்டும் எனக்கு இன்னும் கேட்கிறது.