பெயரறிதலும் உயிரோம்பலும்

அறிவை நாடுதல் நன்று. ஆயின் அவ்வறிவுக்கு விலையாகப் பிறிதோர் உயிரைக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா?

வேளாண்மை பயிலும் என் மகள் இவ்வினாவை எழுப்பினாள். பூச்சிகளைப் பிடித்து, நச்சுக் குப்பியில் இட்டுக் கொன்று, ஊசி குத்திப் பெட்டியில் அடுக்கித் தருதல் அவளது பயிற்சியில் ஒரு பகுதி. “அப்பா, பெயர் அறியக் கொல்லத்தான் வேண்டுமா?” என்றாள்.

மறுநாள் ஏரிக்கரையில் எருக்கஞ்செடிகளின் அருகே அமர்ந்தோம். வெட்டுக்கிளி ஒன்று இலையைக் கறித்துக்கொண்டிருந்தது. அதன் உடலில் மஞ்சளும் நீலமும் பட்டைகளாக மாறி மாறி அமைந்திருந்தன. சிறகு முளையாத இளம் பூச்சிகளோ வெளிறிய மேனியில் புள்ளிகள் கொண்டிருந்தன. உண்ணும் செடி, நிறம், பருவம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு நூலைப் புரட்டினோம். எருக்கு வெட்டுக்கிளி என்று தெளிந்தோம். 1775ஆம் ஆண்டில் பப்ரீசியஸ் என்னும் அறிஞர் இதற்குப் ‘பிக்டஸ்’ எனப் பெயரிட்டார். இலத்தீனில் ‘வண்ணந்தீட்டப் பெற்றது’ என்பது அதன் பொருள்.

இடையே நான் ஒரு பிழை செய்தேன். இளம் பூச்சி ஒன்றை விரலால் பற்றினேன். அது சட்டென நீரைப் பீச்சியது. எருக்கிலுள்ள நஞ்சை உடலில் சேர்த்துவைத்துத் தன்னைக் காத்துக்கொள்வது அதன் இயல்பு. கொல்ல எண்ணாத என் கையும் அதற்குப் பகைவன் கையே என்று உணர்ந்தேன்.

உழவிலும் அடுக்களையிலும் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாது. ஆதலின் ஆன்றோர் அதனைச் சங்கல்ப இம்சையினின்றும் வேறு பிரித்துரைத்தனர். பெட்டியை நிரப்பக் கொல்வதோ கருதியே செய்வது. அது சங்கல்ப இம்சையே என்பது என் துணிபு.

சில இனங்களை அறுத்துப் பார்த்தாலன்றிப் பிரித்தறிய இயலாது என்பர். அது மெய்யே. அறியாமையாலும் உயிர்கள் மடிகின்றன என்பதும் மெய்யே. பெரும்பாலும் எருக்கையே உண்ணும் இதனை இன்னதென்று அறியாதவன், வரப்பில் கண்டவுடன் நஞ்சு தெளிப்பான். ஆகவே அறிவை வெறுத்தல் அறமாகாது. கண்ணால் அறியத்தக்கதைக் கண்ணால் அறிவோம். அதற்கு மேல் இயலாதபோது, ‘பெயர் தெரியவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதி எழுந்து வருதல் இழுக்கன்று.

என் மகள் ஒளிப்படங்களும் குறிப்பேடும் மட்டுமே கொடுத்தாள். மதிப்பெண் சில குறைந்தன. அவள் வருந்தவில்லை.