கெண்டை நகர்

விடியவில்லை. மேற்குத் தெருவில் கதவுகள் மூடியிருக்கின்றன. சிவப்புச் செங்கல் சுவரில் ஈரம். கூரையின் முனைகள் தகைவிலான் வால்போல் பிளந்து மேலே வளைகின்றன.

ஒரு மிதிவண்டி போகிறது. அதன் சத்தமும் போகிறது.

*

ஃபூஜியன் கரையில் குவான்சோ. அதன் பழைய நடுப்பகுதி, லீசெங் வட்டாரம். 'லீ' என்றால் கெண்டை. ஊர் மதில் கெண்டைமீன் வடிவில் வளைந்திருந்ததால் அந்தப் பெயராம்.

மதில் இல்லை. மீன் பெயரில் மட்டும் இருக்கிறது.

*

தெற்கே ஜின் ஆறு. வடக்கே மலை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். இங்கிருந்து தெரிவதில்லை. உதட்டில் உப்பு.

*

ஆற்றின் பெயர் அகதிகள் வைத்தது என்கிறார்கள். வடக்கே ஜின் அரசு குலைந்தபோது தப்பி வந்தவர்கள் இந்தக் கரையில் குடியேறினார்கள். விட்டுவிட்டு வந்ததன் பெயரால் ஆற்றை அழைத்தார்கள்.

தண்ணீர் பழுப்பாக, மெதுவாகப் போகிறது.

*

பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்ட லியூ ச்சொங்ஷியாவ் மதிலைச் சுற்றி மரம் நட்டார். மரத்தின் பெயர் ச்சிதொங். ஊருக்கும் அதுவே பெயரானது. அரபு வணிகர் வாயில் அது ஸைத்தூன். ஸைத்தூன் என்றால் அவர்களுக்கு ஒலிவம்.

ஒலிவம் எங்கும் இல்லை.

உதிர்ந்த பூ ஒன்று உள்ளங்கையில். கிளிமூக்குச் சிவப்பு. மரக்கிளையில் முள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிகிறது. கல்யாண முருங்கை. சளி பிடித்தால் அடையில் அரைத்துப் போடும் இலை. வெற்றிலைக் கொடி பற்றி ஏறும் மரம்.

பூ கையில் சூடாகிறது.

*

கைய்யுவான் கோயில். 686இல் இது ஒருவரின் முசுக்கட்டைத் தோப்பு. துறவி ஒருவர் நிலம் கேட்டாராம். முசுக்கட்டையில் தாமரை பூத்தால் தருகிறேன் என்றாராம் தோப்புக்காரர். பூத்ததாம்.

கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் நடுவில் ஒரு பூ. நம்புவதா வேண்டாமா என்ற கேள்வி வருகிறது, போகிறது.

மரம் இருக்கிறது. 1925இல் இடி விழுந்து பிளந்தது. பிளந்த பகுதிகள் தனித்தனியே தளிர்த்திருக்கின்றன. கற்கால்கள் அவற்றைத் தாங்குகின்றன.

*

இரண்டு கோபுரங்கள், கிழக்கும் மேற்கும். முழுக்கக் கல். பதின்மூன்றாம் நூற்றாண்டு. 1604இல் கடலடியில் பூமி குலுங்கியது. இவை நின்றன.

நிழல் கோபுரத்தை விட்டு நகர்கிறது. அவசரமில்லை.

*

பெரிய மண்டபத்தின் பின்பக்கம். கூட்டம் ஊதுவத்தியோடு முன்னாலேயே நின்றுவிடுகிறது. இங்கே நிழல். குளிர்ந்த கல்.

இரண்டு தூண்கள். ஒவ்வொன்றிலும் பதினாறு பட்டை. வட்டங்களுக்குள் சின்னச் சின்ன உருவங்கள். நரசிம்மர். கோபியரின் ஆடையோடு கண்ணன். யானையைக் காக்கக் கருடன்மேல் வரும் பெருமாள்.

கை நீள்கிறது. நின்றுவிடுகிறது.

*

இந்தத் தூண்கள் இந்தக் கோயிலுக்காகச் செதுக்கப்பட்டவை அல்ல. எங்கோ இடிந்த ஒரு கோயிலிலிருந்து வந்தவை. மிங் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது இங்கே நிறுத்தினார்கள். முன்மேடையின் அடியில் எழுபதுக்கும் மேற்பட்ட புடைப்புக் கற்கள். சிங்க உடல், சிலவற்றில் மனித முகம். தில்லைப் பக்கத்துக்காரர் பார்த்தால் புருஷாமிருகம் என்பார்.

மேலே புத்தர். கீழே இவை. யாருக்கும் இடைஞ்சல் இருப்பதாகத் தெரியவில்லை.

*

ஒரு கல், 1956இல் இந்த ஊரில் கிடைத்தது. ஆறு வரித் தமிழ். அடியில் ஒரு வரி சீனம்.

சகம் 1203. சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைகான் உடல் நலமாக இருக்கவேண்டும் என்று, அவன் ஆணைப்படி சிவனை எழுந்தருளுவிக்கிறார். ஆங்கிலக் கணக்கில் 1281.

கடல் கடந்து வந்தவர் ஒரு மங்கோலியப் பெயரைத் தமிழ் எழுத்தில் வெட்டச் சொல்கிறார். உளி அந்தப் பெயரில் தயங்கியிருக்குமா. செ. க. சை. வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

கல் இப்போது இந்த ஊரில் இல்லை. சியாமென் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

*

கடல்சார் அருங்காட்சியகத்தில் ஒரு கல். ஒரு யானை லிங்கத்துக்குப் பூ வைக்கிறது. தும்பிக்கையின் முனை மழுங்கியிருக்கிறது. பூ மழுங்கவில்லை.

*

கதவில்லாத வாசல். தெற்கு வாயில், தெஜி. 1230இல் கட்டியது, 1948இல் எரிந்தது. 2001இல் தோண்டினார்கள். அடித்தளத்தில் தாமரைக் கல், இந்துக் கோயிற்கல், முஸ்லிம் கல்லறைக் கல், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக.

1357இலிருந்து பத்தாண்டுகள் இங்கே போர். அயலார் பலர் செத்தார்கள், பலர் ஓடினார்கள். கல் ஓடவில்லை. அகப்பட்ட இடத்தில் அடுக்கப்பட்டது.

புல் முளைத்திருக்கிறது. அதில் எறும்பு.

*

தூமென் தெரு. பள்ளிவாசல், 1009. தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை. சுவர், சன்னல், மேலே வானம். பக்கத்துக் குவான் சாமி கோயிலிலிருந்து ஊதுவத்திப் புகை சுவர் தாண்டி வருகிறது.

தூறல். கூடத்தின் தரை நனைகிறது. வெளியிலிருக்கும் தரையும்.

*

1974இல் சேற்றிலிருந்து ஒரு கப்பலை எடுத்தார்கள். சோங் காலத்தது. மிஞ்சியது இருபத்துநான்கு மீட்டர். உள்ளே பதின்மூன்று அறைகள். அறைகளில் வாசனைக் கட்டைகள், மிளகு.

எழுநூறு ஆண்டு சேற்றில் கிடந்த மிளகு. முகர்ந்து பார்க்க யாரும் விடமாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கையில் தும்மல் வருவதுபோல் இருக்கிறது. வரவில்லை.

*

1942, இலையுதிர்காலம். ஹோங்யி என்ற துறவி இந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் படுத்திருக்கிறார். முன்பு ஓவியர், இசைக்காரர், நாடகக்காரர். கடைசியாகத் தூரிகை எடுத்து நான்கு எழுத்து எழுதுகிறார். துயரமும் மகிழ்ச்சியும் சேர்ந்து நிற்பதைச் சொல்லும் நான்கு எழுத்து. அந்தத் தாளின் படத்தில் அடித்த இடங்கள் தெரிகின்றன. மை சில இடங்களில் வற்றியிருக்கிறது.

மூச்சு உள்ளே வருகிறது. நிற்கிறது. வெளியே போகிறது.

*

சாயங்காலம். நான்யின் என்ற பழைய இசையைப் பாடுகிறார்கள். பீப்பா என்ற நரம்புக் கருவியை நிமிர்த்திப் பிடிப்பதில்லை, மடியில் குறுக்காகக் கிடத்துகிறார்கள், வீணைபோல். நடுவில் பாடகி. கையில் மரக்கட்டைகள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் வெகுநேரம்.

அந்த இடைவெளியில் தெருவில் யாரோ வண்டி நிறுத்துகிறார்கள். ஒரு குழந்தை இருமுகிறது.

தட்டு விழுகிறது.

*

இருட்டிவிட்டது. ஆற்றுப்பக்கம் ஒரு விளக்கு.

மாண்டரினில் தேநீர் 'ச்சா'. இந்த ஊரின் மின்னான் பேச்சில் 'தே'. தேயிலையில் இருக்கும் 'தே' இந்தக் கரையில் கப்பலேறியது.

கடைக்கார அம்மா விரல்நுனியில் பிடிக்கும் அளவு கிண்ணத்தில் ஊற்றுகிறார். முன்னால் நகர்த்துகிறார். 'தே' என்கிறார்.