இரண்டாம் நாள்

ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 2023 நவம்பரில், பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் 200 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து சென்னையில் உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் தேர்வான செய்தி வந்தது. மலையாளிப் பழங்குடிப் பெண் நீதிபதியாகிறார் என்று வகுப்பில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: “அன்னைக்கு அவங்களுக்கு உதிரப்போக்கு நிக்காம இருந்திருந்தா, மேடம்?”

அதே படிப்பு, அதே மன உறுதி. உடம்பு மட்டும் இடம் கொடுத்திருக்காது. அப்போது அவர் பெயர் நமக்குத் தெரிந்தே இருக்காது. ஆணுக்கு இந்தக் கேள்வியே எழாது. அப்படியானால் திறமை என்று நாம் மதிப்பெண் போடுவது எதற்கு?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் 73 விழுக்காடு. பழங்குடிப் பெண்களில் 47. இந்த இடைவெளியை உறுதிக் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சோகை, அரைவயிறு, பதின்வயதுத் திருமணம், பேருந்து வராத ஊர், நோயாளியைத் தூளி கட்டிச் சுமக்கும் பாதை. இவற்றையெல்லாம் கடந்த பிறகுதான் மலைப்பெண்ணின் கைக்கு வினாத்தாள் வருகிறது.

ஸ்ரீபதியின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. படிப்புக்கு அவ்வளவு துணிவு தேவைப்பட்டதே என்பதுதான் உறுத்துகிறது. பிள்ளை பெற்றவள் இன்னொரு தேதியை உரிமையோடு கேட்க வழி வேண்டும். அடுத்து வருகிறவள் பச்சை உடம்பு தேறியபின் தேர்வு எழுதட்டும். அவளுக்கும் கைதட்டுவோம்.