யாருக்கும் தலைவலி இல்லை

குழுவாகப் போகிறோம், பயமில்லை என்று சொல்லித்தான் வீட்டில் மலையேற அனுமதி வாங்குகிறோம். நேபாளத்தில் மலையேறிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருவது இதற்கு நேர்மாறு. உயரம் ஒத்துக்கொள்ளாமல் இறந்தவர்களில், ஏஜென்சி ஏற்பாட்டில் குழுவாகப் போனவர்களின் பங்கு அவர்கள் எண்ணிக்கைக்கு மீறியது. தனியாகப் போகிறவன் தலை வலித்தால் அங்கேயே படுத்துவிடுவான். குழுவில் இருப்பவனுக்கு நாளைய அட்டவணை இருக்கிறது. அதைவிட, கூட வந்தவர்களின் முகம் இருக்கிறது.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2,860 மீட்டரில் இருக்கும் லுக்லாவில் தொடங்கி 5,364 மீட்டர் வரை நடை. கயிறு, கோடரி எதுவும் வேண்டாம். சிக்கல் காற்றில்தான்: மேலே போனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதனால் 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பார்கள். நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் கூடுதலாக ஒரு நாள் தங்கவைப்பது இதற்குத்தான். உடற்பயிற்சி இங்கே உதவாது. மாரத்தான் ஓடுகிறவர் சுருண்டுவிடுவார், தொப்பைக்காரர் ஏறிவிடுவார்.

டிங்போச்சே, 4,410 மீட்டர். சாப்பாட்டு அறை நடுவே யாக் சாண வறட்டி எரியும் அடுப்பு. பூண்டு சூப்போடு ஆக்ஸிமீட்டரும் சுற்றி வந்தது. கொரோனாவில் ரத்த ஆக்ஸிஜன் அளவு 90க்குக் கீழே இறங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வைத்த அதே கருவி. இங்கே 84 என்றால் கைடு தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். எண்ணைவிட அவர் கேட்பதுதான் முக்கியம்: தலை வலிக்கிறதா, சாப்பிட முடிகிறதா, தூங்கினீர்களா? எங்கள் மேசையில் யாருக்கும் தலைவலி இல்லை. ஒருவர், பரீட்சை ஹால் வாசலில் புத்தகம் புரட்டும் பையனைப்போல, விரலை நீட்டுமுன் நாலு முறை மூச்சை ஆழ இழுத்துக்கொண்டார். யாரை ஏமாற்ற?

ஐம்பதைத் தாண்டிய அக்கா ஒருவர்தான் வாயைத் திறந்தார். "தலை பிளக்குது தம்பி. குமட்டுது. நான் மேல வரல."

"மாத்திரை போட்டுப் படுங்கக்கா, காலைல சரியாயிடும்" என்றார் ஒருவர். அதில் அக்கறை பாதி, திட்டம் கலைகிறதே என்ற எரிச்சல் பாதி.

"போட்டாச்சு. நீங்க போயிட்டு போட்டோ அனுப்புங்க."

அவர் இறங்குவது முடிவானதும் இன்னும் இரண்டு பேருக்குத் தலைவலி வந்தது. வந்ததென்ன, நேற்றிலிருந்தே இருந்ததுதான். லீவும் பணமும் போட்டு வந்த இடத்தில் முதல் ஆளாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். எல்லோரும் உச்சி தொட்ட குழுவைப் பாராட்டும்போதெல்லாம், அதில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு ஏறினார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

போர்ட்டர்களை விட்டுவிட்டால் இது பாதிக் கதை. நெற்றிப்பட்டையில் நம் மூட்டைகளைத் தாங்கி நடக்கும் அவர்கள் எல்லோரும் ஷெர்ப்பாக்கள் அல்லர். தாழ்வான ஊர்களிலிருந்து கூலிக்கு வருகிற பலரையும் உயரம் நம்மைப்போலவே தாக்கும். அன்னபூர்ணா பக்கம் நோயில் விழுந்த ஓர் இளம் போர்ட்டரைக் கணக்கு முடித்துத் தனியாகக் கீழே அனுப்பிவிட்டார்கள், அவர் பிழைக்கவில்லை. போர்ட்டர்களின் பாதுகாப்புக்காக 1997இல் ஒரு சர்வதேச அமைப்பு தொடங்கப்பட்டது அந்தச் சாவை அடுத்துத்தான்.

எங்கள் ஆக்ஸிமீட்டர் எங்கள் மேசையைத் தாண்டவில்லை. காலையில் பையைக் கட்டிக்கொண்டே அக்கா கேட்டார்: "அந்தப் பசங்களுக்குப் பாத்தாங்களா?" கைடு சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டு வந்து, எல்லோரும் நலம் என்றார். வேறென்ன சொல்வார்கள்? தலைவலியால் எங்களுக்குப் போவது ஒரு போட்டோ, அவர்களுக்குக் கூலி. இறங்கினாலும் கூலி முழுதாக உண்டு என்று சொல்லி மறுபடி கேட்கவைத்தோம். அப்போது ஒருவருக்குத் தலைவலி இருந்தது. அவரும் அக்காவோடு இறங்கினார். அவர் சுமையை நாங்கள் பிரித்து எடுத்துக்கொண்டோம், கொஞ்சம் முணுமுணுப்போடுதான்.