பொய்யுருவும் மெய்யழுகையும்

உற்றார் ஒருவர்க்கு இழவு நேர்ந்தவழி அவரைச் சார்ந்தார் அழுதல் உலகியல்பு. சார்பில்லாத பிறரும் அதுகண்டு கலங்குதல் அருளுடையார்மாட்டு நிகழ்வது. ஆயின், என்றும் பிறந்திராத, எங்கும் வாழ்ந்திராத, கோடும் வண்ணமும் அன்றிப் பிறிதொன்றும் இல்லாத ஓர் உருவம் இறந்ததாகக் காட்டப்பட்டவிடத்து அறிவுடைய மக்கள் கண்ணீர் விடுதல் யாது காரணம் பற்றி? அக்கண்ணீர் மெய்யோ, பொய்யோ? மெய்யாயின் அஃது எவர்பொருட்டுச் சிந்தப்படுவது?

நாடகத்தில் தோன்றுவோரும் இல்லாதவர்தாமே எனின், அற்றன்று. ஆண்டுப் பாத்திரம் பொய்யேனும் நடிப்பவன் உளன். அவன் உடம்பும் உயிர்ப்பும் காண்பார் கண்முன் உள. தோற்பாவைக் கூத்திலும் தோல் உண்டு. திரைக்குப் பின்னே அதனை ஆட்டுவான் கை உண்டு. கணிப்பொறியால் ஆக்கப்படும் சித்திரப் படத்திலோ, பின்னின்று பேசுவாரது குரல் ஒன்றொழிய, உடம்பென்று சொல்லத்தக்கது யாதும் இல்லை. ஈண்டு ஆராய எடுத்துக்கொள்ளப்படும் பகுதியில் அக்குரல்தானும் இல்லை. ஆதலின் இவ்வினாவுக்கு இதனினும் கூரிய எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

அமெரிக்க நாட்டுப் பிக்ஸார் நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டில் 'அப்' என்னும் பெயரால் ஒரு சித்திரப் படம் வெளியிட்டனர். அதனை இயக்கியவர் பீட் டாக்டர்; உடனின்று இயக்கியவர் பாப் பீட்டர்சன். பிரான்சு நாட்டுக் கான் நகரத் திரைப்பட விழா அவ்வாண்டு மே 13-இல் இப்படத்தோடு தொடங்கிற்று. சித்திரப் படம் ஒன்று அவ்விழாவுக்குத் தொடக்கப் படமாதல் அதுவே முதன்முறை. 2010-இல் சிறந்த சித்திரப் படத்துக்கும் சிறந்த இசைக்கும் உரிய ஆஸ்கர் பரிசுகள் இரண்டும் இதற்குக் கிடைத்தன. சிறுவரோடு பெற்றோரும் உடன் சென்று கண்டு மகிழ்தற்கென்று எடுக்கப்பட்ட படம் இது. எனினும் கண்ட பெரியோர் பலர் தொடக்கத்திலேயே அழுதுவிட்டனர்.

கதை இது. கார்ல் என்னும் வாய்திறவாச் சிறுவன் ஒருவன், பாழ்வீடு ஒன்றில் விளையாடிக்கொண்டிருந்த எல்லி என்னும் சிறுமியைக் காண்கின்றான். அவள் ஓயாது பேசுபவள். தென்னமெரிக்காவிலுள்ள ஓர் அருவியின் உச்சியில் வீடமைத்து வாழ்தலே அவள் விழைவு. அவ்விழைவை ஓர் ஏட்டில் எழுதிப் படமும் ஒட்டி வைத்திருக்கின்றாள். இனிச் செய்யக் கடவன என்று தலைப்பிட்டுப் பின்னுள்ள பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கின்றாள். தன்னை அங்கே அழைத்துச் செல்வதாகக் கார்லிடம் உறுதிமொழி வாங்குகின்றாள். பழச்சாற்றுப் புட்டி ஒன்றின் மூடியை அவன் சட்டையிற் குத்தித் தன் கழகத்தில் அவனைச் சேர்த்துக்கொள்கின்றாள்.

இதன்பின் வருவதே மேற்குறித்த பகுதி. அது நான்கு மணித்துளிகளுக்குச் சிறிது மிகுதியாக ஓடுவது. திருமணம் நிகழ்கின்றது. அப்பாழ்வீட்டையே வாங்கிச் செப்பனிட்டு வாழ்கின்றனர். அவன் பலூன் விற்கின்றான். இருவரும் புல்வெளியிற் படுத்து மேகங்களைப் பார்க்கின்றனர். மேகங்கள் மகவின் உருக்கொள்கின்றன. குழந்தைக்கென ஓர் அறையும் தீட்டப்படுகின்றது. அடுத்த காட்சியில் மருத்துவன் எதிரே அவள் முகம் கவிழ்ந்து இருக்கின்றாள். மகப்பேறு இல்லை என்பதனை ஒருவரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டுவதும் இல்லை. பின்னர், அருவிக்குச் செல்லும் செலவுக்கென்று ஒரு கண்ணாடிச் சாடியிற் காசு சேர்க்கின்றனர். ஊர்தியின் சக்கரம் பழுதாகச் சாடி உடைகின்றது. கார்லின் கால் முறியச் சாடி உடைகின்றது. கூரைமேல் மரம் வீழச் சாடி உடைகின்றது. நாள்தோறும் காலையில் அவள் அவன் கழுத்துப் பட்டையை முடிந்துவிடுகின்றாள். பட்டைகள் மாறுகின்றன, கைகள் மாறவில்லை, தலை நரைத்துவிடுகின்றது. ஒருநாள் அவன் பழைய உறுதிமொழியை நினைந்து பயணச் சீட்டு வாங்கி வருகின்றான். அன்றே, வழக்கமாக ஏறும் குன்றில் அவள் ஏறமாட்டாது வீழ்கின்றாள். மருத்துவமனைக் கட்டிலில் அவ்வேட்டினை அவன் கையிற் கொடுக்கின்றாள். முடிவில் அவன் ஒரு பலூனைக் கையிற் பிடித்துத் தனியே வீட்டினுட் செல்கின்றான். கூத்தாடுவார்க்கு ஏற்ற துள்ளல் நடையில் தொடங்கிய மைக்கேல் ஜியாக்கினோவின் இசை, அவ்விடத்துப் பியானோவின் ஒற்றைக் குரலாய் மெலிந்து நிற்கின்றது.

கண்டோர் அழுதது இவ்விடத்தே.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலுள் அழுகை தோன்றும் நிலைக்களன் நான்கென்றார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை என. இவற்றுள் இழவு பற்றிப் பிறந்த அழுகை இது என்று கூறிவிடல் எளிது. ஆயினும் இழந்தார் யார்? கார்ல் என ஒருவன் இலன். அவனுடைய தலையும் மூக்குக் கண்ணாடியும் நாற்காலியும் சதுரமாகவே வரையப்பட்டுள்ளன. எல்லியைச் சார்ந்தன வட்டமாக வரையப்பட்டுள்ளன. மானிட முகத்தைப் போல் அமைக்கவேண்டும் என்று அவ்வோவியர் முயன்றாரல்லர். முயன்றிருந்தால் அம்முகம் வேறு எவரோ ஒருவர் முகமாகியிருக்கும். காண்பார் அவரைப் பிறர் என விலக்கியிருப்பர். எவர் முகமும் அல்லாத அவ்வெளிய கோடுகளுள் காண்பான் ஒவ்வொருவனும் தன் தந்தையை, தன் தாயை, தன் இல்லக்கிழத்தியைக் கொண்டு வைக்கின்றான். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது சித்தாந்தம் கற்றார் நன்கறிந்தது. படத்தில் இருப்பன கோடுகளே. உயிர் அவற்றைச் சாருங்கால் தன்பால் உள்ள அன்பையும் அச்சத்தையும் கொண்டே சார்கின்றது. ஆகவே உருவம் பொய்யேனும் அழுகைக்கு முதலாய பொருள் மெய்யேயாம். உடைந்த சாடி கார்லின் சாடி அன்று. செலவுக்கென வைத்த காசு மருத்துவனுக்கும் கொல்லனுக்கும் போன வீடுகள் அனைத்தின் சாடியும் அதுவே.

இங்ஙனமாயின், இவ்வழுகையால் எய்தும் பயன் யாது என்று ஒரு தடை எழும். அது பழைய தடையே. அகஸ்தீன் என்னும் கிறித்தவப் பெரியார், கி.பி. 400-ஐ ஒட்டித் தாம் எழுதிய தன்வரலாற்று நூலில், இளமையில் வர்ஜில் பாடிய டைடோ அரசியின் இறப்புக்குக் கண்ணீர் விட்ட தாம் தம் நிலைக்கு ஒரு துளியும் விட்டிலர் என்று நொந்துரைத்தார். நாடகம் காண்பான் துன்புற்றாரைச் சென்று காக்குமாறு அழைக்கப்படுவதில்லை, வருந்துமாறு மட்டுமே அழைக்கப்படுகின்றான் என்பதும் அவர் கூற்று. இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அரங்கில் கார்லுக்காக விம்மியவர், தம் தெருவின் கோடியில் மனைவியை இழந்து கதவடைத்துக் கிடக்கும் முதியவரை ஒருநாளும் எட்டிப் பாராதவராக இருத்தல் கூடும். அவ்வாறு இருப்போர் பலர் என்பதை மறுத்தற்கில்லை. அழுது தீர்த்தமையாலேயே அருட்கடன் தீர்ந்ததாக மனம் அமைதி கொள்ளுமாயின், அவ்வழுகை அருளுக்குத் துணையாகாது. அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டதேயாம்.

ஆயின் இப்படம் காண்பாரை அவ்விடத்தே நிறுத்தி விடுவதில்லை. எல்லியின் மறைவோடு கதை முடிந்திருந்தால் அகஸ்தீன் கூற்று முற்றிலும் பொருந்தியிருக்கும். தொடக்கத்துக் கண்ணீர் கார்லின் பக்கலில் காண்பாரைக் கட்டிவிடுகின்றது. அதன்பின் கார்லின் பிழை காட்டப்படுகின்றது.

அகவை 78 ஆன கார்ல் அவ்வீட்டை எல்லி என்றே பெயர்சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டு வாழ்கின்றான். அவள் கைப்பட்ட அஞ்சற் பெட்டியை இடித்த கட்டடத் தொழிலாளி ஒருவனைத் தடியால் அடித்துவிடுகின்றான். அறமன்றம் அவனை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப, அழைத்துச் செல்ல வந்தவர் கண்முன்னே ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி வீட்டோடு வானில் எழுகின்றான். வீடு எழுங்கால் திரையில் வரையப்பட்ட பலூன்கள் 20,000-க்கு மேற்பட்டன என்பர். ரஸ்ஸல் என்னும் சிறுவன் ஒருவனும் அறியாது உடன் வந்துவிடுகின்றான். முதியோர்க்கு உதவினால் கிடைக்கும் சின்னம் ஒன்றே அவன் பெறவேண்டி எஞ்சியிருப்பது. அதனைத் தன் தந்தை வந்து அணிவிப்பார் என்பது அவன் நம்பிக்கை. அத்தந்தை வரமாட்டார் என்பது காண்பார்க்குச் சிறிது சிறிதாகத் தெரிகின்றது.

வெனிசுவேலாவின் மேசைமலைகளைப் படக்கலைஞர் நேரிற் சென்று கண்டு வந்தனர். அந்நிலத்தைத் தழுவியே கதையின் மலையும் வரையப்பட்டது. அம்மலைமேல், பலூன்களால் மிதக்கும் வீட்டினைத் தோட்டத்து நீர்க்குழாயால் தன் உடம்போடு பிணித்துக் கார்ல் இழுத்து நடக்கின்றான். பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பதும் பொருள் என்று கற்ற தமிழர்க்கு இக்காட்சி எத்தகையது என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதனை வரைந்தார் அச்சொல்லை அறிந்திரார். மன்ட்ஸ் என்னும் முதிய தேட்டாளன் ஒருவனும் அங்கே உளன். தன் பெருமையை மீட்டற்கு ஒரு பறவையைப் பிடிக்க நெடுங்காலம் அம்மலையிற் கிடந்து கொடியனாகிப் போனவன். இருவரும் ஒன்றையே பற்றிக் கிடந்தோர். ஒருவனைப் பற்றியது புகழ், மற்றவனைப் பற்றியது அன்பு. (மன்ட்ஸின் நாய்கள் பேசுவதும் வானூர்தி ஓட்டுவதும் சிறுவர்க்கு இன்பம் பயப்பன, முற்பகுதியின் நிறை அவற்றில் இல்லை.) மன்ட்ஸ் வீட்டுக்குத் தீயிட்டபோது, சிறுவன் காக்க விரும்பிய பறவையைக் கைவிட்டுக் கார்ல் வீட்டையே காக்க ஓடுகின்றான்.

இறந்தாள்பால் கொண்ட அன்பு, எதிரே நிற்கும் சிறுவன்பால் செலுத்தவேண்டிய அன்பைத் தடுக்குமாயின் அதனை அன்பென்றே கொள்ளலாமோ? உறுதிமொழியைக் காத்தல் அறமன்றோ எனின், அறமே. ஆயின் அவ்வுறுதிமொழியால் அவள் வேண்டியது யாது என்பதனைக் கார்ல் அறிந்திலன். வீட்டை அருவியின் அருகே கொண்டு நிறுத்தித் தன் நாற்காலியில் அமர்ந்து ஏட்டைத் திறக்கின்றான். வெறும் பக்கங்கள் என்று எண்ணி மூடப்போனவன் ஒரு பக்கத்தைப் புரட்ட, அவை நிறைந்திருக்கக் காண்கின்றான். திருமணப் படம், இருவரும் உண்ட படம், அருகருகே நாற்காலியில் அமர்ந்த முதுமைப் படம் என எல்லாம் அவள் ஒட்டி வைத்தவை. முடிவில், இதுவரை கிடைத்த பயணத்துக்கு நன்றி கூறி, இனிப் புதியது ஒன்று செய்க என அவள் எழுதியிருக்கின்றாள்.

இவ்விடத்தும் மக்கள் அழுகின்றனர். இவ்வழுகை தொல்காப்பியனார் கூறிய நான்கனுள் ஒன்றிலும் அடங்குவதாகத் தோன்றவில்லை. புறநானூற்றுத் துறைகளுள் உவகைக் கலுழ்ச்சி என ஒன்று உண்டு. மகன் போரில் விழுப்புண்பட்டு வீழ்ந்தமை கண்ட தாய் உவந்து அழுதலைக் கூறுவது. இழந்ததும் பெற்றதும் ஒருங்கே தோன்றும் அக்கலுழ்ச்சிக்கே இஃது இனமாகும். நிறைவேறாது போயிற்று என்று ஒருவன் ஆயுள் முழுதும் நொந்த ஒன்று முன்னரே நிறைவேறியிருந்தது. அதனை அவன் அறியாதிருந்தான். ரஸ்ஸலும் இதனையே தன் மழலையில் முன்னர்க் கூறியிருக்கின்றான்: தந்தையோடு தெருவோரத்தில் அமர்ந்து ஊர்திகளை எண்ணிய அற்பச் செயலே தனக்கு மிகுதியும் நினைவில் நிற்பதாக.

கார்ல் எழுகின்றான். பறவையை மீட்கத் தனியே போய்விட்ட சிறுவனைத் தொடரவேண்டும். காற்றுக் குறைந்த பலூன்களால் வீடு எழவில்லை. அதனால் வீட்டிலுள்ள பொருளையெல்லாம் வெளியே எறிகின்றான். இரு நாற்காலிகளையும் வெளியேற்றுகின்றான். அவை மலைவிளிம்பில் அருகருகே நிற்க, வீடு மேலெழுகின்றது. மனைவியின் பொருளை எறிதல் மறத்தலாகாதோ எனின், அவ்விரு நாற்காலிகள் நிற்கும் நிலையே அதற்கு விடை. பின்னர்ச் சிறுவனைக் காக்கும் போராட்டத்தில் வீடும் கைநழுவி மேகத்துள் மறைகின்றது. அது வீடுதானே என்று கார்ல் அமைகின்றான். ஊர் திரும்பியபின், தந்தை வாராத அவையில், எல்லி தனக்குக் குத்திய பழஞ்சாற்று மூடியைச் சிறுவனுக்கு அவனே அணிவிக்கின்றான். இருவரும் தெருவோரத்தில் அமர்ந்து ஊர்திகளை எண்ணுகின்றனர்.

கடைசிக் காட்சியில், மேகத்துள் மறைந்த அவ்வீடு அருவியின் உச்சியில், எல்லி ஏட்டில் வரைந்த இடத்திலேயே வந்தமர்ந்திருக்கின்றது. அதனைக் கார்ல் அறியான். காண்பார் மட்டுமே அறிவர்.