நீர்க்கடன்

நீர்க்கடன் என்பது இறந்தோரைக் கருதி நீரிறைக்கும் கடமைக்குப் பெயராய் வழங்கும். உயிரோடிருப்பார்க்கும் அத்தகைய கடன் உண்டோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

சேலத்திற்கு வடக்கே 1,600 மீட்டருக்கு மேலோங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன் உச்சியிலுள்ள குகைக்கோயிலில், மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்கள் சேர்வராயனையும் காவிரியம்மனையும் ஒருங்கே வழிபடுகின்றனர். மலையும் ஆறும் பிரிக்கலாகாதன என்பது அவ்வழிபாட்டிற் புலனாம். சோலைக்காடு மழையைச் சருகிலும் வேரிலும் ஏற்று மண்ணுள் இறக்கிப் பின் ஊற்றாய்ச் சிறிது சிறிதாக விடுகின்றது. அம்மலையிற் பிறந்து, சேலத்தூடே சுகவனேசுவரர் திருக்கோயில் மருங்கோடிக் காவிரியிற் கலப்பது திருமணிமுத்தாறு.

1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் அங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அதன்பின் சோலைகள் பல தோட்டங்களாயின. பாக்சைட்டுக்காக மலைமுகடுகள் அகழப்பட்டன. ஏற்காட்டில் விடுதிகள் பெருகின. மரமிழந்த சரிவில் மழைநீர் மண்ணை அரித்து விரைந்தோடும்; ஊற்றுகள் வற்றும். கீழேயோ நகர்க்கழிவும் சாயநீரும் ஆற்றைக் கெடுத்தன.

அற்றேல், தன் நிலத்தை ஒருவன் விரும்பியவாறு ஆளுதல் குற்றமாமோ? சேலத்தார் பருகுவது மேட்டூரில் தேங்கும் காவிரிநீராகலின், இக்காட்டால் அவர்க்கு ஆவதென்னை எனின், அவ்வினாவே விடையும் தருதல் காண்க. 1934-இல் முடிந்த மேட்டூர் அணையில் தேங்கும் நீர், பெரும்பாலும் குடகு முதலிய மேலைமலைக் காடுகள் தந்தது. அக்காடுகளைச் சேலத்தார் நட்டாருமல்லர், காத்தாருமல்லர். பெற்றதை மேலுள்ளார்க்குத் திருப்பியளித்தல் இயலாது. ஆறு மேனோக்கிப் பாயாதன்றோ! ஆகலின் அக்கடன், திருமணிமுத்தாறு கலந்தபின் காவிரிநீர் உண்ணும் கீழுள்ளார்க்கே செலுத்தற்பாலது. பட்டா நிலத்திற்கு எல்லை வகுக்கும். அந்நிலத்திற் பெய்த மழைக்கு எல்லை வகுக்காது.

இச்சுமையை மலைவாழ் ஏழையர்மேல் மட்டும் ஏற்றுதலும் அறமன்று. நியூயார்க்கு நகரத்தார் பெருஞ்செலவில் வடிகட்டும் ஆலை அமைப்பதினும், தம் குடிநீர் பிறக்கும் கேட்ஸ்கில் மலைநிலத்தைப் பேணப் பொருளளித்தல் நன்றெனக் கண்டு, 1997-இல் அங்குள்ள ஊரவரோடு உடன்படிக்கை செய்தனர். பயன்கொள்வார் செலவிலும் பங்குகொள்ளுதலே முறை.

தனு கரண புவன போகங்கள் உயிர்கள் ஈடேறுதற்பொருட்டு இறைவன் அளித்தன என்பது சித்தாந்தத் துணிபு. நீரோ அவன் எண்வடிவங்களுள் ஒன்று. அதனை ஒருயிர்க்கே உரியதாய்க் கருதுதல் ஆணவத்தின் செயலேயாம். ஆகவே திருமுழுக்கிற்கு நீர் முகக்கும் அன்பர், அந்நீர் பிறக்கும் காட்டையும் அது செல்லும் ஆற்றையும் பேணுதலைத் தம் வழிபாட்டின் உறுப்பாகக் கொள்வாராக.