கொடுத்தவர் மனமும் கோதுமை போன வழியும்

1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கிலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் நடந்த ‘லைவ் எய்ட்’ ராக் கச்சேரி, எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பணம் திரட்டியது. லண்டனில் பாடி முடித்த ஃபில் காலின்ஸ், கான்கார்ட் விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிப்போய் அன்றே அங்கேயும் பாடினார். பட்டினியின் பேரில் இத்தனை ஆரவாரமா என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. வலது கை கொடுப்பதை இடது கை அறியலாகாது என்ற இயேசுவின் போதனையில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுளிப்பு இயல்புதான். ஆனாலும் ஆடிப்பாடிக் கொடுத்தால் அது தர்மமாகாது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. கொடுப்பதில் இன்பம் உண்டென்று வள்ளுவரே ஒப்புக்கொள்கிறார். அதை அறியாமல் பொருளைப் பூட்டிவைத்து இழப்பவர்களைக் கண்டுதான் அவர் வியக்கிறார். எத்தியோப்பியாவின் கோரெம் முகாமில் கஞ்சிக்குக் காத்திருக்கும் தாய்க்கு, பணம் தந்தவர் அழுதபடி தந்தாரா ஆடியபடி தந்தாரா என்பதால் ஆவதென்ன?

கொடுத்தவர் மனத்தைத் துருவுவதைவிட, கொடுத்தது போன வழியைப் பார்ப்பதே நியாயம். 1984 அக்டோபரில் பிபிசி காட்டிய கோரெம் காட்சிகளைப் பார்த்த பலர், வானம் பொய்த்ததால் வந்த துயரம் என்றே எண்ணினார்கள். வானம் பொய்த்தது உண்மை. ஆனால் திக்ரேயிலும் எரித்திரியாவிலும் கிளர்ச்சியாளர்களோடு போரிட்ட எத்தியோப்பிய ஆட்சியாளர் மெங்கிஸ்டுவின் அரசு, அங்கெல்லாம் விளைச்சலையும் சந்தைகளையும் நாசமாக்கியிருந்தது. பிறகு வடக்கிலிருந்து சுமார் 6 லட்சம் பேரைத் தெற்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது, பலரை வலுக்கட்டாயமாக. நிவாரணத்தையே தூண்டிலாக்கி ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று குரல் கொடுத்த பிரான்சின் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, 1985 டிசம்பரில் வெளியேற்றப்பட்டது. மற்ற அமைப்புகள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை.

அரசியலைத் தோண்டிக்கொண்டிருந்தால் அதற்குள் குழந்தை செத்துவிடுமே என்பார்கள். சரிதான், யாரும் கையை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. கிழக்கு வங்க அகதிகளை முன்வைத்து எழுதி 1972இல் வெளியான கட்டுரையில் தத்துவவாதி பீட்டர் சிங்கர், தொலைவு என்பது உதவாமலிருக்கச் சாக்காகாது என்றார். அதே தர்க்கப்படி, தொலைவில் இருக்கிறோம் என்பது விசாரிக்காமலிருக்கவும் சாக்காகாது. முகாமில் வேலை செய்தவர்கள் மௌனம் காத்ததைக் குறை சொல்ல எனக்குத் தயக்கமுண்டு. அவர்கள் பேசினால் நோயாளிக்கு மருத்துவர் இல்லாமல் போவார். வெம்ப்ளியில் பணம் தந்தவருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவரை மெங்கிஸ்டுவால் எங்கிருந்தும் துரத்த முடியாது. கோதுமையை இறக்கிய லாரி திரும்பும்போது யாரை ஏற்றிப்போனது என்று அவர் கேட்டிருக்கலாம்.